கணினிக்குள் கணினி, அதற்கு வெளியே வரிசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கிளினிக் ஒன்றில், கணினித் திரையில் வட்டம் சுற்றுவதை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எரிச்சலில் தொடங்கிய கதை இது.

முதல் வரி: ‘பனி மூடிய தேயிலை மலைகளின்—’

வேண்டாம். பனியை எழுதி எழுதியே அதற்குள் நிற்கிற மனிதர்களைக் காணாமலாக்கிவிட்டோம்.

2

தனுஜா அங்கே கணினிப் பொறுப்பாளர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். நோயாளர் பதிவுகள் இருப்பது ஒரு லினக்ஸ் இயங்குதளத்தில். அது ஓடுவது பெரிய கணினிக்குள் உருவாக்கிய மெய்நிகர் கணினியில். அதற்குக் காட்டப்படும் வட்டும் நெட்வொர்க் கார்டும் நிஜமல்ல, பழைய சாமான்களைப் போல நடிப்பவை. ஒவ்வொரு பதிவுக்கும் அந்த நாடகம் முழுக்க நடந்தாக வேண்டும், அதனால்தான் வட்டம் சுற்றுகிறது. அவற்றை இயக்கும் மென்பொருளை ‘விர்ட்டியோ’ டிரைவருக்கு மாற்றினால் நாடகம் இல்லை. உள்ளே இருப்பது வெளியே இருப்பதோடு நேரே பேசும்.

(கங்காணி, கணக்கப்பிள்ளை என்று படிப்படியாக ஏறாமல் தோட்டத்துத் துரையிடம் நேரே பேசுவது மாதிரி.)

அந்தக் கணினியின் நகல் ஒன்றில் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டாள். புதிய டிரைவரை, கணினி எழும்போது படிக்கும் தொடக்கக் கோப்பில் முதலிலேயே சேர்க்காவிட்டால் கணினி தன் வட்டையே காணாமல் விழிக்கும், அதையும் சேர்த்துவிட்டாள். கடவுச்சொல்லும் அவளிடம்தான். இருந்தும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினாள். கிளார்க்குக்கு, அவர் வழியாக மேனேஜருக்கு, அவர் வழியாகக் கொழும்புக்கு. மூன்று மாதம்!

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு என்மேலேயே வந்தது. நேரே போய்ப் பேசியவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவள் அவள்.

3

காளியாயி கொழுந்து பறிப்பவள். பிரஷர் மாத்திரை தீர்ந்து பதினொரு நாள். பதிவு திறக்காமல் மருந்து தரக்கூடாது என்பது விதி. பகலில் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் மலைக்குத் திரும்பாவிட்டால் அரைப்பேர்தான்.* இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினாள். இது மூன்றாவது.

"என்னா தங்கச்சி, இன்னைக்கும் சுத்துதா?"

கொழும்பின் பதில் அன்று காலைதான் வந்திருந்தது: ‘ஓடுகிற கணினியைத் தொட வேண்டாம்.’

ஓடுகிறதாம்!

[இங்கே காளியாயி மயங்கி விழும் பத்தி ஒன்று இருந்தது. அழித்தேன். அவள் விழுந்தால்தான் உங்களுக்குக் கோபம் வருமா?]

* பாதி நாள் வேலையாக மட்டும் பெயர் போடுவது. இதற்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிற வாசகர்மேலும் எனக்குக் கோபம்தான்.

4

தனுஜா எழுந்து வரிசையைப் பார்த்தாள்.

"இத நிப்பாட்டி ஒரு சாமான மாத்தணுங்க. பத்து நிமிசம் ஆகும். சரியா வந்தா வேகமா ஓடும். வராட்டி இன்னைக்கு யாருக்கும் மருந்து இல்ல, எனக்கு வேலையும் இல்ல. நிப்பாட்டவா?"

காளியாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள், துரைமார் யாராவது நிற்கிறார்களா என்று.

"எங்ககிட்டயா கேக்குற?"

"ஒங்ககிட்டத்தான் கேக்குறேன்க்கா."

5

முடிவு ஒன்று: கணினி எழுந்தது. பாராட்டைக் கொழும்பு எடுத்துக்கொண்டது.

முடிவு இரண்டு: கணினி எழவில்லை. காளியாயி—

இரண்டையும் முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். தரமாட்டேன். நடந்ததைத் தெரிந்துகொண்டபின் சரி சொல்ல யாராலும் முடியும்.

காளியாயிக்குப் பின்னால் நின்றது நான். தனுஜா என் முகத்தையும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்குப் பின்னால் நிற்பது நீங்கள். உங்களிடமும்தான் கேட்கிறாள்.