மூன்றாவது மூலம்

“அஞ்சும் எட்டும் சரிங்க. இந்த மூணு எங்கேருந்து வந்துச்சு?”

“ஏன், விடை தப்பா வருதா?”

“விடையெல்லாம் ஒழுங்காத்தான் வருது. மூணாவதுக்கு எப்பவும் ஒண்ணுதானே போடுவீங்க?”

கணக்கு வாத்தியார் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் அவர் மனைவி பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு அவர் எழுதும் கேள்வித்தாள் அச்சுக்குப் போகுமுன் அவள் ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். அவளும் கணக்கு படித்து டியூஷன் எடுத்தவள்தான். மூன்று வருடமாக அப்படிப் போட்டுப் பார்ப்பதை விட்டிருந்தாள், இன்றுதான் தானாகக் கேட்டு வாங்கினாள்.

முப்படிச் சமன்பாட்டை அவர் பின்னாலிருந்துதான் கட்டுவார். முதலில் மூலங்கள், பிறகு காரணிகள், எல்லாவற்றையும் பெருக்கி விரித்தால் கேள்வி தயார். யோசித்து மெனக்கெடாமல் வீட்டுப் பிள்ளைகள் இருவரின் வயதையும் போட்டுவிடுவார். “வாத்தியார் வீட்டு ரேஷன் அட்டையைப் பாத்தாலே பசங்க பாஸாயிடுவாங்க” என்று அவள் முன்பெல்லாம் கேலி செய்வாள்.

x³ − 16x² + 79x − 120 = 0. ஒன்றைப் போட்டாள், பூச்சியம் வரவில்லை. இரண்டு, வரவில்லை. மூன்றுக்கு வந்தது. (x − 3)ஆல் வகுத்ததும் x² − 13x + 40 மிஞ்சியது. அதைப் பிரித்தால் சின்னவளின் ஐந்தும் பெரியவனின் எட்டும். உள்ளறையில் அந்த இருவரும் ஒரு ரப்பருக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத் தெரியாம மூணு வயசுல எங்கேயாவது இன்னொரு பிள்ளை வச்சிருக்கீங்களா?” என்றாள் சிரித்தபடி.

அவர் குழாயை மூடினார். சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

“உங்களைத்தான் கேக்குறேன். யாரோட பிள்ளை?”

“நம்மளோடதுதான்,” என்றார். கடைசி டப்பாவைக் கவிழ்த்து வைத்து, “போன வருஷம் ரெண்டு போட்டேன். அதுக்கு முந்தி ஒண்ணு. வழக்கமா போடுற ஒண்ணுதானேன்னு யாரும் கேக்கல.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, ஆனால் மனம் அதை ஏற்க மறுத்து மறுபடி தாளைப் பார்த்தது. மூன்று வருடம் முன்பு பிரசவ ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் தொட்டில் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அவர்தான் கூட இருந்து எல்லாம் செய்தார். அடுத்த வாரமே இதே மேசையில் உட்கார்ந்து கேள்வித்தாள் எழுதினார். அந்த முதுகைப் பார்த்துத்தான், இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல் என்று அவள் முடிவு கட்டினாள். அன்றோடு பென்சிலை எடுப்பதை விட்டாள்.

“அந்த வருஷம்?” என்று கேட்டாள்.

“அந்த வருஷம் கடைசி எண்ணே கிடையாது. எல்லா உறுப்பிலயும் x இருந்துச்சு. அதை வெளியே எடுத்துட்டா மிச்சம் இருபடிதான். பசங்களுக்குக் கொண்டாட்டம். ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, ‘என்ன சார், அஞ்சு மார்க்கைச் சும்மா தூக்கிக் குடுத்துட்டீங்க’ன்னு திட்டினாங்க.”

பூச்சியம். பூச்சியமும் ஒரு மூலம்தான். எத்தனை பிள்ளைகளுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், மறந்துவிடாதீர்கள் என்று.

பள்ளிக்கூடம் முழுக்க, வரிசை வரிசையாக, யார் யார் பிள்ளைகளோ குனிந்து உட்கார்ந்து வருஷா வருஷம் அவளுடைய குழந்தையின் வயதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அவர் ஈரக்கையைத் துடைக்காமலே வந்து எதிரே உட்கார்ந்தார். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்து, 120இன் பூச்சியம் மெல்ல ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

“நீங்க கையில வாங்கினீங்கல்ல,” என்றாள். “நான் பாக்கவே இல்லைங்க. யாரை மாதிரி இருந்துச்சு? ஒரு தடவை சொல்லுங்க.”