பொத்தான் டப்பா

சட்டை தைக்கக் கொடுத்திருந்தவர் வாசலில் நின்றார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. தைத்தவர், அதாவது என் கணவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாளாக உள்ளறையில் படுத்திருக்கிறார். இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பொத்தான் வைக்க எனக்கும் தெரியும். அவர் தவிர யாரும் தொடாத பொத்தான் டப்பாவைத் திறந்தேன்.

வெள்ளைப் பொத்தான்களுக்கு அடியில் வெள்ளை மாத்திரைகள், பாதி டப்பாவுக்கு. துளை இருக்கிறதா என்று ஒன்றைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். கொழுப்பு மாத்திரைதான்.

சர்க்கரை இருப்பவர் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்காவிட்டால் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் அதை எழுதிக் கொடுத்து எட்டு மாதம். ஞாயிறுதோறும், நாளுக்கு ஓர் அறையாக இருக்கும் ஏழு நாள் மாத்திரை டப்பாவில் நான்தான் போட்டு வைப்பேன். அடுத்த ஞாயிறு ஏழு அறையும் காலியாக இருக்கும். எனக்கு அத்தனை பெருமை. கொழுப்பு இறங்கவே இல்லையே என்று டாக்டர் கேட்டபோதுகூட, "ஒரு நாள் தவறல டாக்டர், நான்தான் எடுத்து வைக்கிறேன்" என்றேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். நான் எண்ணெயைக் குறைத்தேன், முட்டையில் மஞ்சள் கருவை எடுத்தேன். மனுஷன் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பொத்தானை வைத்து, நூலை அறுத்து, சட்டையைக் கொடுத்தனுப்பினேன். பிறகு டப்பாவைக் கொண்டுபோய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். மழுப்பவில்லை.

"அதப் போட்டா தொடையெல்லாம் வலிச்சுது. மிஷின மிதிக்க முடியல."

"சொல்லியிருந்தா டாக்டர் வேற மாத்திரை குடுத்திருப்பாரே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை டப்பா காலியா இருந்தா உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் வரும். அதக் கெடுக்க மனசு வரல."

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும்" என்றேன். அவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

இன்று ஞாயிறு, மாத்திரை போட்டு வைக்கும் நாள். ஏழு நாள் மாத்திரை டப்பாவை மடியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு அறையும் காலி. கட்டிலில், போர்வைக்குள் அவருடைய பாதங்கள் இரண்டும், தூக்கத்திலேயே, மிஷினை மிதிப்பதுபோல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தன.