நமெலோக்கின் கழுத்துப்பட்டை

எங்கள் பக்கத்தில் சிங்கத்தைக் காப்பதற்கு மாதச் சம்பளம் உண்டு. அதை வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். பெயர் மெய்தாமெய். காலையில் சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, மாடு மேய்க்கிறவர்களிடம் போய் இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்வது, இதுதான் வேலை. மாடு பிழைத்தால் சிங்கமும் பிழைக்கும். மாடு செத்தால் எங்கள் ஆட்கள் ஈட்டியை எடுத்துவிடுவார்கள்.

எனக்குக் கால்தடம் படிக்கத் தெரியும், பயம் என்பது கிடையாது என்று வேலைக்குச் சேரும்போது சொன்னேன். அதில் முதல் பாதி மட்டும் உண்மை.

நமெலோக் என்றால் எங்கள் மொழியில் இனியவள். நான் காக்கும் பெண்சிங்கத்துக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் பதினான்கு ஆடுகளையும் ஒரு கன்றையும் அடித்தாள். அதில் ஆறு ஆடுகள் கசாயினே பெரியவருடையவை. அதற்குப் பிறகுதான் எங்களை வேலைக்கு வைத்திருக்கும் விலங்கு டாக்டர் முதேனி வந்து, அவளை மயக்கிப் படுக்க வைத்து, கழுத்தில் பட்டையைக் கட்டினார். பட்டையில் ஒரு சின்ன டப்பா. அது அனுப்புகிற ஒலி என் தோளில் தொங்கும் ரேடியோப் பெட்டியில் டிக் டிக் என்று கேட்கும். ஆன்டெனாவைத் திருப்பினால் அவள் இருக்கும் திசையில் சத்தம் கூடும்.

இந்தப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து நான் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தடம் பார்க்கக் குனிய வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். பெட்டி இருந்தால் ஏதாவது ஒரு பாறையில் ஏறி நின்றால் போதும். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கும் அது கம்பீரமாகத் தெரியும்.

ஆகஸ்ட் மாதம் நமெலோக்கின் நடத்தை மாறியது. தினமும் காலையில் சத்தம் ஆழ்குழாய்க் கிணற்றுப் பக்கம் போகும். வெயில் ஏறும்போது மேட்டுக்குத் திரும்பி, அங்கேயே கிடக்கும். மறுநாளும் அதே நேரம், அதே வழி. அந்த மேட்டில்தான் என் மாமியார் வீடு இருக்கிறது. பதினோரு நாளில் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் காணாமல் போகவில்லை.

மேட்டுக்குக் கிட்டே போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் வழக்கத்தில் மருமகன் மாமியார் முகத்தில் முழிக்கக் கூடாது, அவர் வளாகத்துக்குள் காலை வைக்கக் கூடாது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் அவருடைய முதுகையும் நிழலையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சிங்கத்தின் அருகே போகாமல் இருக்க இவ்வளவு மரியாதையான காரணம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

எனவே பாறை மேல் நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தேன். நமெலோக் திருந்திவிட்டாள். தினமும் என் குரலைக் கேட்டுக் கேட்டு மனுஷர்களோடு பழகிவிட்டாள்.

டாக்டர் முதேனியிடம் போனில் சொன்னேன். அவர் கம்பா இனத்துப் பெண், எதையும் இரண்டு தடவை கேட்பவர்.

"தடம் பாத்தீங்களா மெய்தாமெய்?"

"பாத்தேன் டாக்டர்."

"நேத்தும் பாத்தீங்களா?"

"நேத்தும்தான்."

பொய் சொல்லும்போது என் குரல் தனி அழகோடு வரும். அந்தக் குரலிலேயே ஊர்க்கூட்டத்திலும் பேசினேன். எனக்கும் அந்தச் சிங்கத்துக்கும் இடையில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது என்றேன். அவள் மேட்டுப் பக்கம் இருப்பதால் மாடுகளையெல்லாம் கிழக்கே பள்ளத்தாக்குப் பக்கம் தைரியமாக ஓட்டிப் போகலாம் என்றும் சொன்னேன்.

கசாயினே பெரியவர் கைத்தடியில் மோவாயை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, உடன்படிக்கை எல்லாம் சரி. என் ஆறு ஆட்டுக்கும் அதுல ஏதாவது இடம் போட்டிருக்கியா?"

கூட்டம் சிரித்தது. பெரிய காரியம் செய்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கத்தான் செய்யும் என்று நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் முதேனி ஜீப்பில் வந்து இறங்கினார். நன்கொடை கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கூட வந்திருந்தார்கள். திருந்திய சிங்கத்தை அவர்கள் பார்க்க வேண்டுமாம். என்னோடு வேலை பார்க்கும் கிலேசியும் ஏறிக்கொண்டான். நானும் அவனும் ஒரே வயதுக் குழு, ஒன்றாகச் சடங்கு முடித்தவர்கள். அவன் அதிகம் பேச மாட்டான்.

மேட்டை நெருங்க நெருங்க டிக் டிக் பலமானது. பாறையருகே ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் போலாமே" என்றார் டாக்டர்.

கொஞ்சம் போனோம். சத்தம் இன்னும் கூடியது. கள்ளிப் புதர்களைத் தாண்டினோம். முள்வேலி தெரிந்தது. ஆன்டெனாவை இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். சத்தம் வேலிக்கு உள்ளேயிருந்துதான் வந்தது.

கிலேசி மெதுவாகச் சொன்னான். "சிங்கம் உன் மாமியார் வீட்டுல இருக்குடா."

உள்ளே மாமியார் இருக்கிறார். முந்தின நாள் அம்மா வீட்டுக் கூரைக்குச் சாணி பூசப் போன என் மனைவி நொலாரியும் இருக்கிறாள். ஒரு புருஷன் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்யவில்லை. ஜீப்பின் கூரை மேல் ஏறினேன்.

"மேல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்" என்றேன்.

"உள்ள போடா" என்றான் கிலேசி.

"நான் எப்படிப் போறது? வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

"சிங்கத்துக்கு அந்த வழக்கம் தெரியல போல."

வேலி வாசலை அடைத்திருந்த முள்கிளை நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நொலாரி நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சாணி.

"கூரை மேல என்ன பண்றீங்க?"

"நொலாரி, ஓடி வா. உள்ள சிங்கம் இருக்கு."

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். "அம்மா இருக்காங்க. ரெண்டு ஆடு இருக்கு. கழுதை இருக்கு. சிங்கம் இல்லையே."

டாக்டர் என் கையிலிருந்து ஆன்டெனாவை வாங்கிக்கொண்டு இறங்கி நடந்தார். கிலேசியும் போனான். வேறு வழியில்லாமல் நானும் இறங்கி, தலையைத் தொங்கப்போட்டபடி, கண்ணுக்குப் பக்கவாட்டில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, வேலிக்கு உள்ளே போனேன். சத்தம் வீட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, வேலமரத்து நிழலில் நின்ற கழுதையிடம் போய் முடிந்தது. அதன் வயிற்றைச் சுற்றித் தண்ணீர்க் கேன்களை இழுத்துக் கட்டியிருந்தது ஒரு தடித்த பட்டை. பட்டையில் சின்ன டப்பா.

கழுதை தினமும் காலையில் கிணற்றுக்குப் போகிறது. வெயில் ஏறும்போது திரும்பி வருகிறது. பிறகு நிழலில் கிடக்கிறது.

விருந்தினர் இருவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்தம்மாள் கழுதையைப் படம் எடுத்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார். நின்றேன்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று நொலாரியிடம் கேட்டேன்.

"உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன். விறகுக்குப் போன இடத்துல அம்மாவுக்கு ஒரு வார் கிடைச்சிருக்கு, டப்பா வச்சது, வச்சுக்கலாமானு அம்மா கேக்கச் சொன்னாங்கன்னு. நீங்க ஏதோ ஒரு கூட்டத்துல பேசப் போறதைக் கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்துட்டு இருந்தீங்க. 'தாராளமா வச்சுக்கச் சொல்லு'ன்னீங்க."

டாக்டர் முதேனி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப நமெலோக் எங்க?"

பதினோரு நாளாக யாருக்கும் தெரியாது. ஊர் மாடுகளையெல்லாம் நான் கிழக்கே பள்ளத்தாக்குக்கு அனுப்பியிருந்தேன்.

வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருந்து மாமியாரின் குரல் வந்தது. ஐந்து அடி தூரத்தில் இருந்தார், ஆனால் என்னிடம் பேசவில்லை.

"நொலாரி, வந்தவங்ககிட்ட சொல்லு. வார் கிடந்தது கிழக்குப் பள்ளத்தாக்கு மணல்ல. தையல் விட்டுக் கிடந்துச்சு. பக்கத்துல பெரிய தடம் ஒண்ணு, கூடவே பூனைத் தடம் மாதிரி சின்னச் சின்னதா."

நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். "நொலாரி, சிங்கத்தோட பட்டைன்னு தெரிஞ்சா எடுத்தாங்கன்னு அம்மாகிட்ட கேளு."

"தெரியாம என்ன? அதுவே வேணாம்னு போட்டுட்டுப் போயிருச்சு. நமக்கு உதவுமேனு எடுத்தேன். தடத்தைப் பத்தி நான் எதுக்குத் தனியாச் சொல்லணும்? தடம் பாக்கத்தானே ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கிறாங்கன்னு சொல்லு."

நொலாரி என்னிடம் திரும்பினாள். "அம்மா சொல்றாங்க—"

"கேட்டுச்சு" என்றேன்.

பள்ளத்தாக்கின் விளிம்பு வரைதான் ஜீப் போகும். அதற்கு மேல் எரிமலைக் கல். டாக்டரும் விருந்தினரும் அங்கேயே இருந்தார்கள். நானும் கிலேசியும் இறங்கினோம். பல மாதங்களுக்குப் பிறகு நான் குனிந்து நடந்தேன். இடுப்பு வலித்தது. வறண்ட ஆற்று மணலில் ஒரு தடம் கிடைத்தது. அன்று காலைத் தடம், ஓரம்கூட உதிரவில்லை. அதைச் சுற்றிச் சின்னத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக விளையாடியிருந்தன.

தொலைவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. கசாயினேவின் மாடுகள்.

தடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு புதரைச் சுற்றித் திரும்பினேன். இருபது அடியில் நமெலோக் படுத்திருந்தாள். மூன்று குட்டிகள் அவள் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தன. அவள் எழுந்தாள். காதுகள் பின்னால் மடிந்தன. வால் இரண்டு பக்கமும் அடித்தது.

என் குரலைக் கேட்டுப் பழகியவள் அல்லவா? பேச வாயைத் திறந்தேன். பால் குடி மறக்காத ஆட்டுக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. சிங்கத்தின் முன்னால் போட வேண்டிய சத்தம் அது இல்லை.

"ஓடாதே" என்றான் கிலேசி.

நான் ஓடவில்லை. அதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் வரவில்லை. அவள் பாய்ந்தாள். மணல் என் முகத்தில் தெறித்தது. ஆறேழு அடியில் நின்று உறுமினாள். அந்த உறுமலைக் காது கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பு கேட்டது. அவளுடைய மூக்கில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாள் அவளைப் பற்றி ஊரெல்லாம் பேசியவனுக்கு அது தெரியாது.

கிலேசி என் கச்சையைப் பிடித்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் இழுத்தான். மேல்துணி முள்ளில் மாட்டியது. அதை அங்கேயே விட்டேன். அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு குட்டிகளிடம் திரும்பினாள்.

அரைக்கால் சட்டையும் பழைய கால்பந்து பனியனுமாகக் கசாயினே பெரியவர் முன்னால் போய் நின்றேன். அவருடைய மாடுகள் பள்ளத்தாக்குக்குள் இறங்கத் தொடங்கியிருந்தன.

"பெரியப்பா, மாட்டைத் திருப்புங்க. நமெலோக் உள்ள இருக்கா. குட்டி போட்டிருக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ மேட்டுல இருக்கான்னியே?"

"அது கழுதை."

"எது?"

எல்லாவற்றையும் சொன்னேன். தடம் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். ஜீப் கூரை மேல் ஏறியதை விட்டுவிட்டேன். கிலேசி அதையும் சேர்த்துச் சொன்னான்.

பெரியவர் கையில் ஈட்டி இருந்தது. ஆறு ஆடுகளை அடித்தவள் குட்டிகளோடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அவர் வெகுநேரம் புதர்ப் பக்கமே பார்த்தார்.

"எத்தனை குட்டி?"

"மூணு."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே பத்து நாளா என் மாடு இங்கதான் மேயுது" என்றார். "ஒண்ணையும் தொடல. வரிக்குதிரை நிறைய இறங்கியிருக்கு, அது போதும் அவளுக்கு. நீ காவல் இல்லாதப்பதான் தம்பி எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கு."

அவர் சீழ்க்கை அடித்தார். முன்னால் போன காளை திரும்பியது. மற்றவை அதன் பின்னால் திரும்பின.

டாக்டர் முதேனி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, அடுத்த கூட்டத்தில் என்னையே வாசிக்கச் சொன்னார். அந்தக் குரல் அன்று அவ்வளவு அழகாக வரவில்லை. குட்டிகள் பெரிதாகும் வரை பள்ளத்தாக்குப் பக்கம் யாரும் மேய்ப்பதில்லை என்று ஊர் முடிவு செய்தது. அதைச் சொன்னவர் கசாயினே. மாமியாருக்குப் பட்டைக்குப் பதிலாக நல்ல நைலான் கயிறு போனது. பட்டையே நன்றாக இருந்தது என்று நொலாரி மூலம் சொல்லி அனுப்பினார்.

மூன்று குட்டிகளில் ஒன்றைக் கழுதைப்புலி கொண்டுபோனது. மற்ற இரண்டும் அடுத்த மழையையும் பார்த்துவிட்டன. பெயர் வைக்க ஊரைக் கூட்டியபோது, எப்போதும் பின்தங்கி, கல்லில் தடுக்கி விழுந்து, பெரிதாக வாயைத் திறந்து சின்னதாகக் கத்தும் ஆண்குட்டிக்குக் கசாயினே என் பெயரைச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. டாக்டர் பதிவேட்டில் எழுதிவிட்டார்.

அவனுக்கு இப்போது இரண்டு வயது. போன மாதம் விடிகாலையில் பெரியவர் போன் செய்தார்.

"மெய்தாமெய் வேலியை ஒடச்சு உள்ள வந்து என் ஆட்டைத் தின்னுட்டான்."

"பெரியப்பா, நான் வீட்டுல தூங்கிட்டு இருக்கேன்."

"அதான் சொல்றேன். அவனாவது வேலை பாக்குறான். எந்திரிச்சு வா."

போனேன். நானும் கிலேசியும் நாள் முழுவதும் முள்கிளை வெட்டி, வேலியை ஆள் உயரத்துக்கு அடைத்தோம். கையெல்லாம் கிழிந்தது. சாயங்காலம் பெரியவர் ஈட்டியின் அடிக்கட்டையால் வேலியை நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். உள்ளே போய் எங்கள் இருவருக்கும் பால் கொண்டுவந்தார்.