குடலுக்குக் கஞ்சி

கிளமெண்ட் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி பலகையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்வை. "ஒண்ணுமில்ல ஹெப்சி, தல சுத்துது, அவ்ளோதான்" என்றான். அவ்ளோதானாம்! ஊடிழை ஓட்டும் நாடா கைநழுவிக் கிடப்பதுகூடத் தெரியாத மனிதனுக்கு வாய் மட்டும் குறையவில்லை.

தூக்கிவிடக் குனிந்த ஹெப்சிபா, பலகைக்கடியில் வலி மாத்திரையின் வெற்று அட்டைகளைப் பார்த்தாள். ஒன்றல்ல, ஒரு கத்தை.

"இத்தினியும் எப்போ போட்டீங்க?"

"முதுகு வலிச்சா போடுவேன். வெறும் வயித்துல போட்டாலும் இப்போ எரியறதில்ல. நீதான சொன்ன?"

சொன்னாள்தான். அவனுடைய வயிற்றெரிச்சலுக்கென்று, சபையில் யாரோ சொன்னதைக் கேட்டு, துத்தநாகம் கலந்த அந்தப் பொடியை ஆரணியில் வாங்கி வந்தவளே அவள்தான். குடலின் உள்தோலைக் காக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. எப்படிக் காக்கும் என்று கணவன் கேட்டபோது, நெசவுக்காரனுக்குப் புரியட்டுமே என்று, "பாவுக்குக் கஞ்சி போடறோம்ல, இழை பிசிராம? அதுமாதிரி குடலுக்கு" என்று பெருமையாக விளக்கினாள். கஞ்சி ஏறிய பாவு எந்த இழுப்புக்கும் தாங்கும் என்பது அவர்கள் ஊரான முள்ளிப்பட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவனும் வயிற்றை அந்த நம்பிக்கையில்தான் இழுத்திருக்கிறான். முதலாளி சேலைக்கு அவசரப்படுத்த, சாப்பிட எழுந்தால் நேரம் போகுமென்று குழியிலேயே மாத்திரையை விழுங்கியிருக்கிறான்.

"வெளிக்கு எப்பிடிப் போவுது?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "தார் மாதிரி. பொடி வேல செய்யுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவள் அப்பாவுக்கும் கடைசியில் இப்படித்தான் போயிற்று. வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

"அய்யனார் அண்ணே! ஆட்டோ எடுங்க, ஜல்தி!"

எதிர்வீட்டு அய்யனார் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கும்போது, "சேலையில முந்தி மட்டுந்தான் பாக்கி" என்று கிளமெண்ட் தறிமரத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அவன்மேல் வந்த கோபத்துக்கு ஓர் அறை விட்டிருக்கலாம். தன்மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஆரணி ரோட்டில் ஆட்டோ குலுங்கியதும் அவன் குமட்டினான். அவள் சட்டென்று கையை ஏந்தினாள். காப்பித்தூள் கரைசல் போல, கருப்பாக, சூடாக விழுந்தது.

"பேஜார் ஆவாத, ஹெப்சி" என்றான், அவள் தோளில் தலை சாய்த்தபடி. "நீ குடுத்த பொடிய ஒரு வேளகூட விடல."

முன்னால் தேவிகாபுரம் பஸ் நடுரோட்டில் நின்று ஆளேற்றிக்கொண்டிருந்தது. அய்யனார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வாந்தியை ஏந்திய தன் கையை அவள் உதறவுமில்லை, துடைக்கவுமில்லை. இன்னொரு கையால் அவன் மூக்கருகே மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.