வான் இல்லாத கெல்டர்

ரெனா அப்பாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது சமையலறைக் கதவு திறந்தது. தீலமான் சித்தப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். காலணியில் பேரிக்காய்த் தோட்டத்துச் சேறு.

"உயிரு இருக்கா?"

"இருக்கு சித்தப்பா. காதும் நல்லாவே கேக்குது. பாத்துப் பேசுங்க."

அவர் இந்த வீட்டுக்குள் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றதும் அப்பா கேப் டவுன் ஆவணக் காப்பகமே கதி என்று ஆகிவிட்டார். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் குடியேறிகள் ஆண்டுதோறும் குதிரையும் துப்பாக்கியுமாக வந்து பெயர் கொடுக்க வேண்டும். அந்தக் குடிப்படைப் பட்டியல்களிலிருந்து செரெஸ் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அவர் மூதாதையரைத் தேடிக் கொடுத்தார். ஆளாளுக்கு ஜாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியில் சொந்தக் குடும்பத்தைத் தேடினார். 'வான் கெல்டர்' என்ற குடும்பப் பெயர் எங்குமே இல்லை. மூதாதை வெறும் ஹெர்மன் கெல்டர்தான், குதிரை இல்லை, இரவல் துப்பாக்கி. பணம் வந்த பிறகு அவருடைய பேரன் ஒருவன் கௌரவத்துக்காகப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதுதான் அந்த 'வான்'.

அதைக் குடும்பக் கூட்டத்தில் சொன்னதோடு நிற்காமல், அரசு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரிலிருந்து எடுத்தும்விட்டார். "நம்ம அப்பாவ அசிங்கப்படுத்திட்ட" என்று சொல்லிவிட்டுப் போன சித்தப்பா இன்றைக்குத்தான் வருகிறார்.

ரெனாவின் மடியில் அந்தப் பட்டியலின் நகல் இருந்தது. காலையிலிருந்து வாசித்து அவள் தொண்டை கட்டியிருந்தது.

"நிறுத்தினா முறைக்கிறாரு."

"வேதாகமம் படிக்கக் கூடாதா?"

"போதகர் வந்து படிச்சாரு. அப்பா தூங்கிட்டாரு."

சித்தப்பா காகிதங்களை வாங்கினார். மேசையில் இருந்த அண்ணனின் கண்ணாடியையே எடுத்து மாட்டிக்கொண்டு, வகுப்பில் வருகை எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஓரிடத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"வான் கெல்டர், ஹெர்மன்."

அப்பாவின் உதடு அசைந்தது. "வான்... இல்ல."

"எனக்கு இருக்குண்ணே. நான் அப்பிடித்தான் படிப்பேன்."

"மடையா."

சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். பக்கத்தின் பாதியிலேயே அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டதை ரெனா பார்த்தாள். சித்தப்பா அந்தப் பக்கத்தை முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

மறுநாள் கல்லறைக் கல் செதுக்குகிறவர் தொலைபேசியில் பொறிக்க வேண்டிய பெயரைக் கேட்டார். தேநீரில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார்.

"எங்கப்பாவுக்குப் பக்கத்துலதான் குழி. ரெண்டு கல்லையும் பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"இவரு யாருன்னு கேப்பான். சொல்லுவோம்."

"என்னன்னு சொல்லுவ?"

"அப்பா என்ன சொன்னாரோ அத."

ரஸ்க் ஊறிப் பிய்ந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் தேடி எடுத்துத் தின்றார்.

"எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றார். "சின்னதா போட்டா காசு இல்லன்னு நெனப்பானுங்க."

அடக்கத்தன்று காற்று பலமாக இருந்தது. பெட்டியை இறக்கியதும் வழக்கம்போல ஆண்கள் முறை வைத்து மண் தள்ளினார்கள். சித்தப்பா முறை வந்தது. அடுத்தவர் கை நீட்டினார். சித்தப்பா மண்வாரியைக் கொடுக்கவில்லை.

"போதும் தீலமான். எங்ககிட்ட குடு."

அவர் காதில் விழாததுபோல அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தேவாலயக் கூடத்திலிருந்து பெண்கள் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

ரெனா கைப்பையைப் புல்லில் வைத்தாள். கிடந்த இன்னொரு மண்வாரியை எடுத்துக்கொண்டு குழியின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.