தையல் மிஷின் ஓடும்போது மட்டும் இருமுகிறவர்

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இருமினா அவர் நெஞ்சுக்குள்ள டக்குனு கேக்குதுங்க" என்றார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். (நான் எதற்குப் போயிருந்தேன் என்பது கதைக்குத் தேவையில்லை.) மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய அவர்…

(மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

முதலில் அவரைத் தச்சராக்கினேன். ஆபரேஷனுக்காகப் பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியும் ஒட்டாமல் போன கதைக்குத் தச்சர் கச்சிதம். அந்தக் கச்சிதமே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவர் பஸ் டிரைவர். மனைவி வீட்டில் துணி தைக்கிறாள்.

3

அபூர்வமாக எலும்பு ஒட்டாமல் போகும், சத்தம் கேட்டால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். போனால் மறுபடி நெஞ்சைத் திறப்பார்கள். ஒருமுறை பட்டதே போதும் என்று, சத்தம் கேட்டதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் மிஷினை மிதிக்கும்வரை இருமலை அடக்கிவைப்பார். மிஷின் கடகடத்ததும் தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமித் தீர்ப்பார்.

(இங்கே அவளைக் கெட்டிக்காரியாக்கி, ஆட்டோ பிடிக்க வைத்திருக்கலாம். ஆனால் அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பயம் அவளுக்கும் உண்டு.)

4

இன்று காலை தழும்பில் சீழ். சட்டை நனைந்திருக்கிறது. உடம்பு கொதிக்கிறது.

"என்னங்க இது?"

"வேர்வைம்மா. நீ போய் தைக்கிற வேலையப் பாரு."

"இந்த வாரம் தைக்கத் துணியே வரலைங்க."

"அப்போ நேத்து ஓட்டினது?"

"சும்மாதான் ஓட்டினேன். நீங்க இருமணும்னு."

எனக்கு இருவர்மேலும் கோபம் கோபமாக வருகிறது. இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைச் சாகவிடுகிறார்களே!

5

முடிவு ஒன்று: போகிறார்கள். மறுபடி திறக்கிறார்கள். அவர் பிழைத்து…

முடிவு இரண்டு: போகிறார்கள். மறுபடி திறக்கிறார்கள். அவள் மட்டும்…

போகாமலே இருந்துவிடும் முடிவை எழுதக் கை வரவில்லை.

ஒளிக்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் அவருக்கு இருமல் முட்டுகிறது, கண் மிஷினைக் கெஞ்சுகிறது. அவள் கால் மிதியின்மேல் இருக்கிறது. மிதித்தால் இன்றும் இருவருக்கும் ஒன்றும் கேட்காது, வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மிதிக்காவிட்டால் அந்த டக்கைச் சேர்ந்து கேட்பார்கள். பிறகு போகாமல் முடியாது. மிதி என்று சொல்ல எனக்கு மனமில்லை, வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை.

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவரால் ரொம்ப நேரம் அடக்க முடியாது.