இரண்டு பம்புகளும் ஒரு களிமண் உருண்டையும்

1

இந்தக் கதை ஒரு காப்பி டின்னிலிருந்து வந்தது. போன மாதம் நோரீன் அண்ணியை அடக்கம் செய்த மறுநாள், என் அண்ணன் வெர்லின் அதைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தான். உள்ளே காய்ந்துபோன பச்சை நிறக் களிமண் உருண்டை, பிள்ளைகள் விளையாடுவது. அதில் அண்ணியின் கட்டைவிரல் பதிந்திருந்தது. "நீதான் எழுதுறவனாச்சே, எழுது" என்றான்.

"இண்டியானாவின் சோளக்காடுகளில் அந்தக் கோடை..." [அடித்துவிட்டேன். சோளம் அது பாட்டுக்கு நிற்கட்டும்.]

"பந்தயக் காரில் உட்கார்ந்தால் நோரீன் தேவதைபோல..." [பொய். ஹெல்மெட் மாட்டினால் எல்லோருமே பூசணிக்காய்தான்.]

"மேசைமேல் இரண்டு ஆயில் பம்புகள் இருந்தன." இது நிற்கட்டும்.

2

இன்ஜினின் அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை மேலே ஏற்றுபவை. ஒன்று, இன்ஜினோடு வரும் வழக்கமான அளவு. மற்றது அண்ணன் வாங்கி வந்த பெரியது. அந்தக் கோடைக்கு முந்தைய வருடம் மண் பாதையில் பந்தயத்தின் நடுவே அண்ணியின் இன்ஜின் இறுகி உடைந்தது. மிச்சம் இருந்தது அவள் அப்பாவின் தானிய லாரியில் இருந்த இன்ஜின்தான். இதுவும் போனால் கார் ஓட்டுவதையே விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

"பெருசு போட்டா எண்ணெய் நிறைய ஏறும். அவ்வளவுதான் விஷயம்" என்றான் அண்ணன்.

"யோவ், ஏறுனா போதுமா?" என்றாள் அண்ணி. "இறங்க வேணாமா? நீள வளைவுல எல்லாம் மேலேயே நின்னுக்கும். கீழ தொட்டி காலி. அப்புறம் உன் பம்பு காத்தத்தான் குடிக்கும்."

"போன வருஷம் சின்னதுதானே போட்டோம்? என்னாச்சு?"

"அது பேரிங் லூசு. பழியத் தூக்கி பம்பு மேல போடாத."

"நீ உள்ள இருந்த. நான் வேலி ஓரமா நின்னேன். அந்தச் சத்தம் கேட்டதும் நீ போயிட்டன்னே நெனச்சேன், நோரீன்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பெருசையே எடு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

(அவள் இவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பவள் இல்லை. பாத்திரப்படைப்பில் ஓட்டை என்பீர்கள். மூன்று தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் "சரி" என்றுதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டது அது.)

3

மாட்டுவது என்று ஆனபின் அவள் சொன்னபடிதான் எல்லாம். பம்பிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் உறிஞ்சும் குழாயை அதோடு வெல்டு வைத்தாள்.* எண்ணெய்த் தொட்டிக்குள் அடியில் களிமண்ணை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். தொட்டியை மாட்டிப் பார்த்துக் கழற்றினால், குழாய் மண்ணில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். அடியில் ஒரு விரல் கனமாவது இடம் வேண்டும். இருந்தது.

பம்புக்குள் வாஸ்லின் அப்பி, பூட்டி, எண்ணெய் ஊற்றி, டிரில்லை வைத்து மேலிருந்து பம்பைச் சுற்றினோம். மேலே கடைசி வால்வுக்கு எண்ணெய் வந்து சேரும்வரை எங்கள் ஊரில் யாரும் பீர் திறக்கக் கூடாது. வந்ததும் அண்ணிதான் முதல் மூடியைத் திறந்தாள். அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போகக் கிடைத்தால் போய்விடுவேன், இந்தக் கதையை அப்படியே போட்டுவிட்டு.

* ஸ்பிரிங்கைக் கழற்றாமல் வெல்டு வைத்தால் சூட்டில் அது விறைப்புப் போய்ச் செத்துவிடும். அப்படிச் செய்த ஒருவரிடம் ஊரார் இன்றும் சர்ச்சில் நலம் விசாரிக்கிறார்கள், அவர் நலத்தை அல்ல, ஸ்பிரிங்கின் நலத்தை.

4

சனிக்கிழமை பெரிய பந்தயம். அண்ணியின் கார் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. வாழ்க்கையிலேயே முதல் தடவை. இன்னும் இரண்டு சுற்று. மூன்றாம் வளைவில் எண்ணெய் அழுத்த முள் சரிந்தது. நேர்ப்பாதையில் ஏறியது, அடுத்த வளைவில் மறுபடி சரிந்தது. அவள் பயந்தபடியே.

முடிவு அ: அவள் ஆக்ஸிலேட்டரை விடவில்லை, ஜெயித்தாள், அப்பாவின் இன்ஜின்...

முடிவு ஆ: விடவில்லை, ஜெயிக்கவும் இல்லை, அந்த இன்ஜினும்...

நடந்தது: இன்ஜின் சுவிட்சை அணைத்தாள். கார் சத்தமே இல்லாமல் புல்லுக்குள் உருண்டு நின்றது. மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். அண்ணன் வேலியைத் தாண்டி ஓடினான், பின்னால் நான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இன்னிக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப என்ன? பசிக்குது, வா. பன்றிக்கறி ரொட்டி வாங்கிக் குடு."

பம்பைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. செத்துப்போகும்வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தப் பெரிய பந்தயத்திலும் முதலிடத்தில் ஓட்டவும் இல்லை.

5

நேற்று அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டினேன். காய்ந்த களிமண்ணைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"கதைதானே இது? மாத்தலாமில்ல?"

"மாத்தலாம்ணே. ஜெயிச்சான்னு போடவா?"

"அது எதுக்கு? சின்ன பம்ப மாட்டுனேன்னு போடு. மிச்சத்த அவ பாத்துக்குவா."

காலையிலிருந்து இரண்டாம் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னதை மாட்டினால் அவள் ஜெயிப்பாள், சந்தேகமே இல்லை. ஆனால் புல்லில் நின்ற கார் போய்விடும். பசிக்குது வா என்று அவள் அவனைக் கூப்பிட்டதும் போய்விடும். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

இரண்டு பம்புகளும் மேசைமேல்தான் இருக்கின்றன. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், இன்னும் "சரி" சொல்லவில்லை. எது என்று நீங்கள் எடுத்துக் கொடுங்கள். எதுவானாலும் வெல்டு வைக்கும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.